ஆறு குளிர்காலமும் ஓர் ஐஸ்கிறீம் குச்சியும்: என் தெலமார்க் பைண்டிங் பற்றி

ஈஸ்டர் முடிந்த கையோடு ஒஸ்லோக் கடைகளில் ஸ்கீச் சாமான்களின் விலை விழும். இந்த முறையும் விழுந்தது. போன சனிக்கிழமை இரவு நண்பன் ஒருவன் படம் அனுப்பினான்: "மச்சான், நீ பாவிக்கிற அதே பைண்டிங், பாதி விலை. எடுக்கட்டோ?" பைண்டிங் என்றால் சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு; தெலமார்க் வகையில் சப்பாத்தின் முன்பக்கம் மட்டும் பிணைந்திருக்கும், குதி எழும்பும். அன்று காலைதான் அந்தப் பைண்டிங்கோடு மலையில் மல்லுக்கட்டி, பெருவிரல் நகத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தேன். "பொறு, எழுதி அனுப்புறன்" என்றேன். எழுத எழுத நீண்டுவிட்டது. வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

எந்தக் கம்பனி என்று சொல்லப்போவதில்லை. படம் அனுப்பியவனுக்குத் தெரியும். 75 மில்லிமீட்டர் வகை, குதிக்காலைச் சுற்றி வரும் கேபிள், மலை ஏறும்போது முன்தட்டைச் சுழல விட்டு, இறங்கும்போது பூட்டும் லீவர். மிச்சமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். ஆறு குளிர்காலமாகியும் ஸ்பிரிங் தளரவில்லை. திரும்பும்போது பின்னங்கால் குதி எழும், சப்பாத்தின் முன்மடிப்பு மடியும், முழங்கால் ஸ்கீயைத் தொடப் போகும். அந்த இறக்கம் முழுக்க ஸ்பிரிங் காலை ஒரே சீராக இழுத்துப் பிடிக்கும். திடீரென்று விடாது, வெடுக்கென்று இழுக்காது. ஊரில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் வாத்தியார் முழங்காலில் நிற்க வைப்பார். இங்கே காசு கொடுத்து, மூன்று மணித்தியாலம் கார் ஓடி, மலை ஏறி அதையே செய்கிறேன் என்று அம்மா சிரிப்பார். புதுப்பனி பத்து சென்ரிமீட்டர் கிடக்கிற காலையில் நாலு திருப்பம் சரியாக விழுந்தால், அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத் தோன்றாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ்.

ஏறும் நிலையில் முன்தட்டு ஓர் அச்சில் சுழலும். கால் தூக்கினால் தட்டும் எழும், வைத்தால் படியும். எழும்போது அதற்கடியில் பனி புகும், படியும்போது உன் எடை அதை அமுக்கும். இடியப்ப உரலில் மாவை அடைப்பது போல ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. மைனஸ் பதினைந்தில் பிரச்சினை இல்லை. பனி மா மாதிரி உதிர்ந்துவிடும். வில்லங்கம் பூச்சியத்தை ஒட்டித்தான். கீழே காட்டுக்குள் பனி ஈரமாக இருக்கும், மரங்கள் முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் காற்று குளிரும், ஈரமாக உள்ளே போனதெல்லாம் கல்லாகும். ஏப்ரல் மாதத்தில் கௌஸ்தா மலைக்கு ஏறினால் நூற்றுக்கு நூறு இதுதான்.

போன சனி நடந்ததும் அதுதான். 1883 மீட்டர் உச்சிவரை போகவில்லை, உச்சிக்குக் கீழே மலையின் தோளிலேயே திரும்பலாம் என்று நின்றோம். ஏறும்போது பின்னுக்கு வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின்னை உரித்து மடித்தாயிற்று. குனிந்து லீவரைத் தள்ளினால் இடது கால் "டக்" என்றது. வலது கால் பாதி போய் நின்றது. தட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் விரல் தடிப்பில் நீலம் பாரித்த ஐஸ். ஸ்கீத்தடியின் முனையால் குத்தினேன், சில்லுச் சில்லாகப் பறந்தது, ஆனால் அச்சுக்குப் பின்னால் இருந்தது அசையவில்லை. கையுறையோடு விரல் உள்ளே போகாது. கழற்றினேன். அப்போதுதான் நகம் போனது. கூட வந்த இருவரும் தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டு முடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இருபது நிமிடம்.

இந்த இடத்தில் முதல் வருஷம் நான் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். பிளாஸ்கில் இருந்த சுடுதேத்தண்ணியை ஊற்றினேன். ஐஸ் அழகாகக் கரைந்தது, லீவர் விழுந்தது, எனக்குப் பெருமை. ஐந்து நிமிடத்தில் அந்தத் தண்ணி அச்சுக்குள்ளும் ஸ்பிரிங்குக்குள்ளும் இறங்கி உறைந்து, கார்வரைக்கும் லீவர் எந்தப் பக்கமும் அசையவில்லை. அதில் சீனி வேறு.

ஆறு வருஷத்தில் கற்றது இவ்வளவு. ஸ்கீயைக் காருக்குள்ளிருந்து எடுத்தவுடன் மாட்டாதே. சூடான உலோகத்தில் பட்ட பனி உருகி, பிறகு ஒட்டி உறையும். கால் மணித்தியாலம் வெளியே சாத்தி வை. முதல்நாள் இரவு தட்டின் அடியிலும் அடித்தளத்திலும் மெழுகுதிரியை நன்றாகத் தேய். சிலிக்கன் ஸ்பிறேயும் பரவாயில்லை, ஆனால் மெழுகு அதிக நேரம் நிற்கிறது. இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்று வைத்துக்கொள். ஏறும்போது ஒவ்வொரு முறை மூச்சு வாங்க நிற்கையிலும் லீவரை ஒருதரம் இறக்கி ஏற்று, அடைந்தது இறுகுவதற்கு முன் உடைந்துவிடும். சட்டைப்பையில் ஓர் ஐஸ்கிறீம் குச்சி இருக்கட்டும். கத்தி வேண்டாம், கீறல் விழுந்த இடத்தில் அடுத்த முறை ஐஸ் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சனிக்கிழமை குச்சி மற்ற ஜக்கெற்றில் இருந்தது.

இந்தச் சாமான் பிறந்ததே இந்தப் பக்கத்தில்தான் என்பது கூடுதல் எரிச்சல். தெலமார்க் என்ற பகுதியில் மோர்கெடால் என்ற ஊர்க்காரர் சோந்த்ரே நூர்ஹெய்ம், இளங்கொம்புகளை முறுக்கிக் குதிக்காலைச் சுற்றிக் கட்டினார். 1868இல் இன்றைய ஒஸ்லோவுக்கு வந்து எல்லாரையும் வாய் பிளக்க வைத்தார். 1927இல் வந்தது ரொட்டெஃபெல்லா, சப்பாத்தின் நுனியை மூன்று ஊசியில் மாட்டும் பைண்டிங். பெயருக்கு அர்த்தம் எலிப்பொறி. என்னுடையதில் அந்த மூன்று ஊசி இல்லை, ஆனால் வாத்துமூக்கு மாதிரி நீண்ட சப்பாத்து நுனி அந்தப் பரம்பரைதான். நூர்ஹெய்மின் முறுக்கிய கொம்பில் ஐஸ் போய் அடைக்க ஒரு மூட்டாவது இருந்ததா? சனிக்கிழமை குனிந்திருந்தபோது இதைத்தான் யோசித்தேன்.

திருத்த வேலையைப் பற்றி. நாலாவது குளிர்காலத்தில் வலது பைண்டிங்கின் முன் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்தது. பைண்டிங்கைப் பிடித்து முறுக்கிப் பார்த்தபோது மயிரளவு அசைவு, ஓரத்தில் ஈரக்கோடு. குதி எழும் ஒவ்வொரு முறையும் இழுவை முன் ஸ்க்ரூக்களில்தான் விழும், அவைதான் முதலில் கழன்று வரும். கடையில் காட்டினேன். புது ஸ்கீ வாங்கச் சொன்னார்கள். வாங்கவில்லை. கழற்றி, ஒரு கிழமை வீட்டுக்குள் காய விட்டு, ஓட்டைக்குள் இரும்புப் பஞ்சில் கொஞ்சம் திணித்து, எப்பொக்சி விட்டு, ஸ்க்ரூவை முறுக்கி ஒரு நாள் தொடாமல் வைத்தேன். இரண்டு குளிர்காலமாக அசையவில்லை. ஒன்று முக்கியம்: இந்த ஸ்க்ரூக்களின் தலை சாதாரண நட்சத்திரத் தலை இல்லை, பார்க்க அதே மாதிரி இருக்கும் பொசிட்ரிவ் 3 என்ற வேறு வகை. வீட்டில் கிடக்கிற ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஈரம் உள்ளே போய் ஸ்கீக்குள் இருக்கும் மரம் ஊறிவிட்டால் எப்பொக்சியும் காப்பாற்றாது, அதனால் அசைவு தெரிந்த அன்றே கழற்று.

கேபிள் ஒன்று ஐந்தாவது வருஷம் நரம்பு நரம்பாகப் பிரிந்தது. மாற்றக் கால் மணித்தியாலம். மாற்றுக் கேபிள் பையில் இருக்க வேண்டும், வீட்டில் இருந்து பிரயோசனமில்லை. காரின் கூரையில் திறந்தபடி கட்டிக்கொண்டு வந்தால் வீதி உப்பு ஸ்பிரிங்கைத் தின்னும். வந்ததும் நல்ல தண்ணியில் கழுவித் துடை.

2007இல் வந்த என்.டி.என். என்ற புதிய தெலமார்க் பைண்டிங் வகைக்கு மாறலாமே என்று கேட்பாய். மாறலாம், சப்பாத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு நான் ஆளில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பகிடி இல்லை. நீ விழுந்தாலும் இந்தப் பைண்டிங் உன் காலை விடாது. பனிச்சரிவில் அகப்பட்டால் ஸ்கீ நங்கூரம் மாதிரி ஆளைக் கீழே இழுக்கும். அதனால் முப்பது பாகைக்கு மேல் சரிவான இடத்துக்கும், அப்படியான சரிவுக்கு அடியிலும் நான் போவதில்லை. உன்னையும் கூட்டிப்போக மாட்டேன்.

சரி, எடுக்கலாமா? ஸ்பிரிங் அருமை, திருத்தலாம், ஆறு வருஷம் உழைத்திருக்கிறது, விலை பாதி. எடுக்காதே. என் நகம் வளரும்வரை என் பதில் இதுதான். ஜூன் மாதம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேன், ஆனால் அப்போது விலை ஏறிவிடும்.

சொல்லச் சொல்ல எடுத்துவிட்டாய் என்றால் ஞாயிறு பின்னேரம் கொண்டு வா. ட்ரில்லும் பொசிட்ரிவ்வும் என்னிடம் இருக்கின்றன. ஐஸ்கிறீம் நீ வாங்கி வா, குச்சி உள்ளதாகப் பார்த்து.