கேடட் பட்டை: நாற்காலிக்கா, ஆளுக்கா?

நம் ஊர் என்.சி.சி.யில் வெயிலில் பரேடு நின்று, பூரி கிழங்கு தின்று, சார்ஜென்ட் பட்டையோடு பள்ளியை முடித்தவர்களுக்கு, அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவன் 'கேடட் லெப்டினன்ட் கர்னல்' என்றால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும். எரிச்சலை ஒதுக்கிவிட்டு, அந்த ரேங்க் அவனுக்கு எந்த வழியில் வந்தது என்று கேட்க வேண்டும். அங்கே இரண்டு பெரிய வழிகள் உண்டு. இரண்டுக்கும் குணம் வேறு.

முதலாவது ஜே.ஆர்.ஓ.டி.சி., அதாவது பள்ளி மாணவர்களுக்கான இளையோர் அதிகாரிப் பயிற்சித் திட்டம். 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. உயர்நிலைப் பள்ளியில் கணிதம், அறிவியல்போல இதுவும் ஒரு வகுப்பு. நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர். ஒவ்வொரு படைக்கும் தனிப் பிரிவு உண்டு. ராணுவப் (தரைப்படை) பிரிவில் கீழ்ப்படிகள் சுலபம். ஒழுங்காக வந்து, சீருடையைச் சரியாக அணிந்தால் பிரைவேட், கார்ப்பரல் என்று ஏறலாம். மேலே போனால் கதை மாறுகிறது. அங்கே பதவிக்குத்தான் ரேங்க். கம்பெனி கமாண்டருக்கு கேப்டன், பட்டாலியன் கமாண்டருக்கு லெப்டினன்ட் கர்னல். நாற்காலி ஒன்றுதான், தகுதியானவர்கள் மூன்று பேர் இருந்தால் இருவர் கீழேயே நிற்க வேண்டியதுதான்.

பல பள்ளிகளில் இதற்கு 'போர்டு', அதாவது ஒரு குழுவின் முன் நேர்காணல், வைப்பார்கள். கதவைத் தட்ட வேண்டும், உள்ளே போய் சல்யூட் அடித்துப் பெயர் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது முகத்தையல்ல, சட்டைப் பொத்தானில் தொங்கும் நூலை. பிறகு கேடட் உறுதிமொழியை ஒப்பிக்கச் சொல்வார்கள். பதினாறு வயதில் இப்படி ஒரு நேர்காணல் கிடைப்பது, என் கணக்கில், பட்டையைவிடப் பெரிய லாபம்.

விமானப்படையின் ஜே.ஆர்.ஓ.டி.சி. இதில் கொஞ்சம் நேர்மையானது. முடித்த ஆண்டுகளுக்கு நிரந்தர ரேங்க், வகிக்கும் பதவிக்குத் தற்காலிக ரேங்க் என்று பிரித்தே வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி சிவில் ஏர் பேட்ரோல். 1941இல் தொடங்கி, இன்று விமானப்படையின் துணை அமைப்பாக இருப்பது. பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே, வாரம் ஒரு மாலை கூடும் ஸ்குவாட்ரன் என்ற உள்ளூர்க் குழு. 12 வயதிலேயே சேரலாம். இங்கே ரேங்க் ஆளுக்கு. தலைமைப் பண்பு, விமான-விண்வெளி அறிவியல், உடல்திறன், நற்பண்பு என்று ஒவ்வொரு படியையும் முடித்தால் உயர்வு. இரண்டு உயர்வுகளுக்கு இடையே குறைந்தது எட்டு வாரம். மிட்செல் விருது வாங்கினால் செகண்ட் லெப்டினன்ட், உச்சியில் ஸ்பாட்ஸ் விருது வாங்கினால் கர்னல். யாரும் எழுந்து இடம்விடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் தள்ளிவிடவும் ஆளில்லை. சோம்பினால் அதே படியில் ஆண்டுக்கணக்கில் உட்காரலாம். சிறிய ஸ்குவாட்ரனில், வழிநடத்தப் பத்துப் பேர்கூட இல்லாத கேப்டனாகவும் ஆகலாம்.

அதிகாரம் பழக விரும்பும் பிள்ளைக்கு முதலாவது. தனியே படித்து முன்னேறும் பிள்ளைக்கு இரண்டாவது என்பேன்.

இரண்டிலும் படையில் சேரும் கட்டாயம் இல்லை. சேர்ந்தால்தான் வேடிக்கை. ஜே.ஆர்.ஓ.டி.சி.யில் மூன்றாண்டு முடித்ததற்கான சான்று இருந்தால் ராணுவத்தில் 'ஈ-3' சம்பள நிலையில், அதாவது சிப்பாய்களின் அடியிலிருந்து மூன்றாவது படியில், தொடங்கலாம். கணக்கில் வருவது ஆண்டுகள், ரேங்க் அல்ல. பட்டாலியனையே நடத்திய லெப்டினன்ட் கர்னலும், கடைசிவரை கார்ப்பரலாக இருந்தவனும் அங்கே ஒரே வரிசை. சிவில் ஏர் பேட்ரோலிலிருந்து விமானப்படைக்குப் போனால் அதே 'ஈ-3' மிட்செல் விருதுக்குத்தான். அதற்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்டவருக்கு, எத்தனை ஆண்டு வந்திருந்தாலும், கிடைக்காது.