மேரிலாந்தா, ரைன்பெக்கா? கம்பளித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புமுன்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் கம்பளிக்கென்றே நடக்கும் திருவிழாக்களில் பேர்போனவை இரண்டு. மே மாதத்தின் முதல் முழு வார இறுதியில் மேரிலாந்து ஷீப் அண்ட் வுல் ஃபெஸ்டிவல். அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் நியூயார்க் ஸ்டேட் ஷீப் அண்ட் வுல் ஃபெஸ்டிவல். பின்னதை யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, 'ரைன்பெக்' என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும். முன்னது பால்டிமோருக்கு மேற்கே வெஸ்ட் பிரெண்ட்ஷிப்பில், ஹோவர்ட் கவுண்டி மைதானத்தில் நடக்கிறது. நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு ரைன்பெக் காரில் இரண்டே கால் மணி நேரம், வெஸ்ட் பிரெண்ட்ஷிப் மூன்று மணி நேரம். இது சாலை காலியாக இருந்தால்.

ஆடு பார்க்கப் போகிறீர்களா, நூல் வாங்கப் போகிறீர்களா என்று வீட்டில் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் மேரிலாந்துதான். ஆடு வளர்ப்போர் சங்கம் நடத்தும் விழா அது. கொட்டகை கொட்டகையாக வெவ்வேறு இனங்கள் நிற்கும். சுருள் சுருளாக முடி தொங்கும் லெஸ்டர் லாங்வுல்லும், கருத்த முகம் கொண்ட சஃபோக்கும் ஒரே ஜாதியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரைன்பெக்கிலும் ஆடு, லாமா, அல்பாக்கா எல்லாம் உண்டு. ஆனால் அங்கே கூட்டத்தின் கண் நூல் கடைகள் மேல்தான். பின்னல்காரர்கள் அந்த வார இறுதிக்கென்றே புது ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக்கொண்டு வருவார்கள். பதின்ம வயதில் குரோஷா ஊசியோடு அலையும் மகள் வீட்டில் இருந்தால் அவளுக்கு ரைன்பெக்கே சொர்க்கம். கடைக்குப் போக வேண்டாம், எதிரே வருபவர்களின் முதுகைப் பார்த்தாலே பாதி டிசைன் கற்றுக்கொள்ளலாம்.

மேரிலாந்தில் தவறவிடக் கூடாதது ஆட்டிலிருந்து சால்வை வரைக்குமான போட்டி. அணிக்கு ஐந்து பேர்: ரோமம் கத்தரிக்க ஒருவர், நூற்க மூவர், நெய்ய ஒருவர். மூன்று மணி நேரத்துக்குள் சால்வை முடிந்தாக வேண்டும். தறியில் பாவு (நெடுக்கிழை) முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். அங்கேயே நூற்பது ஊடைக்கு (குறுக்கிழைக்கு). கத்தரித்த ரோமத்தைக் கழுவுவதில்லை. ஆட்டின் உடல் சூட்டில் ரோமத்தில் இயற்கையாக உள்ள லானோலின் எண்ணெய் இளகியிருப்பதால் இழை தானே வழுக்கி வரும், நூற்கக் கை நோகாது. ஆறிப்போனால் பிசுபிசுக்கும். அதனால்தான் முதல் அரை மணி நேரத்தில் அத்தனை பரபரப்பு. நூற்பவர்கள் பின்தங்கினால் நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிறகு அவசரத்தில் ஊடையை இழுத்துவிட்டால் சால்வையின் ஓரம் உள்ளே குறுகும். முழுவதும் பார்க்கச் சிறு பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. கத்தரிக்கும்போது ஒரு கால் மணி, கடைசியில் ஒரு இருபது நிமிடம் போதும். நிகழ்ச்சி நிரலில் நேரம் பார்த்துக்கொண்டு, நடுவில் நாய்கள் ஆடு மேய்த்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வரலாம்.

சாப்பாட்டில் ரைன்பெக் ஜெயிக்கிறது. சூடான ஆப்பிள் சைடர் டோனட், ஆர்ட்டிசோக் பொரியல் என்று சைவக்காரர்களுக்கும் ஏதோ கிடைக்கும். மேரிலாந்தில் ஆட்டுக்கறிதான் நாயகன். சைவம் என்றால் உருளை வறுவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போய்க் காரில் சாப்பிடுங்கள்.

போக்குவரத்திலும் ரைன்பெக்குக்கு ஒரு மார்க் கூட. மன்ஹாட்டனிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ரைன்கிளிஃப் நிலையம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள், அங்கிருந்து மைதானம் சில மைல்தான். வெஸ்ட் பிரெண்ட்ஷிப்புக்குக் காரைத் தவிர வழியில்லை. ஐ-70 நெடுஞ்சாலையில் 80ஆவது வெளிவழியில் சனிக்கிழமை காலை வண்டிகள் தேங்கும். பார்க்கிங் புல்தரையில், முந்தின நாள் மழை பெய்திருந்தால் சேறு, வெள்ளை ஷூ வேண்டாம். ரைன்பெக்கில் சனிக்கிழமைக் கூட்டம் நெருக்கியடிக்கும், கட்டடங்களுக்குள் ஸ்ட்ரோலர் நகராது. குழந்தையைத் தொட்டில்பையில் சுமப்பது மேல். முடிந்தால் ஞாயிறு போங்கள்; சில நூல்கள் தீர்ந்திருக்கும், ஆனால் மூச்சு விடலாம். காலையில் அங்கே நான்கைந்து டிகிரி செல்சியஸ் குளிர், மதியம் வெயில். மேயில் மேரிலாந்து நேர்மாறு: தொப்பியும் தண்ணீரும் மறந்தால் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கே சோர்ந்துவிடுவார்கள்.

இரண்டு இடத்திலும் காசு போகும் வழி ஒன்றே. கையால் சாயமிட்ட நூலில் ஒரே பெயருள்ள இரண்டு சிட்டங்கள்கூட (நூல் கட்டுகள்) ஒரே நிறமாக இருக்காது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள், ஒரு சிட்டம் கூடுதலாக. காலுறைக்கு 100 கிராம், சுமார் 400 மீட்டர் போதும். நடுத்தரத் தடிமனில் பெரியவர் ஸ்வெட்டருக்கு 1,000 முதல் 1,400 மீட்டர் வேண்டும். கூட்டத்தில் போன் சிக்னல் படுத்துவிட்டால் அட்டை வாங்கும் கருவியும் படுத்துவிடும். நோட்டு கையில் இருக்கட்டும்.

பிள்ளை தக்ளி (கையால் சுற்றி நூல் நூற்கும் கதிர்) கேட்டால் 30-40 கிராம் எடையில் மரத்தக்ளியும், காரிடேல் அல்லது ராம்னி இன ஆட்டின் ரோமம் 100 கிராமும் வாங்குங்கள். மெரினோ இன ரோமம் தொட மெத்தென்று இருக்கும், ஆனால் இழை குட்டை. பழகாத கையில் வழுக்கி அறுந்துகொண்டே இருக்கும். முதல் நாள் தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கச் சொல்லாதீர்கள். சுற்றிவிட்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முறுக்கு ஏறிய பிறகு இழையை இழுக்கட்டும்.

ஒரு ஆட்டின் முழு ரோமத்தையும் வாங்கும் ஆசை பெரியவர்களுக்கு வரும். வாங்குமுன் ஒரு கொத்தைக் காதருகே பிடித்து இரண்டு முனையையும் வெடுக்கென்று இழுங்கள். மீட்டிய கம்பிபோல ஒலித்தால் நல்லது; படபடவென்று நொறுங்கும் சத்தம் வந்தால் நடுவில் பலவீனம், வைத்துவிடுங்கள். எண்ணெயும் அழுக்கும் போனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், மெரினோவில் பாதிகூடப் போகும். கழுவும்போது 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர், பாத்திர சோப்பு, அழுத்தி அமுக்கி ஊறவிட வேண்டும், அவ்வளவுதான். கையால் அலசினாலோ, திடீரென்று பச்சைத் தண்ணீரில் போட்டாலோ இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிப் பலகைபோல் இறுகிவிடும். கழுவும்வரை பட்டுப்புடவை பீரோ பக்கம் கொண்டுபோகாதீர்கள். கம்பளியில் வரும் அந்துப்பூச்சிக்குப் பட்டும் தீனிதான்.