1/43 கிட் வாங்குகிறீர்களா? 'சீல் பிரிக்காத ஒரிஜினல்' என்று விற்பவரிடம் ஜாக்கிரதை

பழைய ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களின் 1/43 கிட்களை, அதாவது நிஜக் காரில் 43இல் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டிகளை, தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரிஜினல், சீல் பிரிக்காதது, சரக்கு இந்தியாவிலேயே இருக்கிறது, கஸ்டம்ஸ் தொல்லை கிடையாது" என்று ஒருவர் தொடர்ந்து விளம்பரம் போட்டு விற்றுவருகிறார். அவர் அனுப்புவது ஒரிஜினல் கிட்டை அச்செடுத்து வார்த்த நகல். பெயரை இங்கே போடப்போவதில்லை, ஆள் பெயரையும் படத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார், ஒரு பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பெயரில் வரும்போது நம்பிவிடுவீர்கள். சரக்கைப் பார்த்து அடையாளம் காணத் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

நான் வாங்கியது லோட்டஸ் 79. 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டிக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கிக்கொடுத்த கார். அந்த வருடம் பெல்ஜியத்தில் ஸோல்டரில்தான் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றில் முதன்முதலாக இறங்கி, அன்றைக்கே ஜெயித்தது. காரின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப்போட்ட விமான இறக்கையின் வடிவில் அமைத்து, ஓடும்போது காற்றே காரைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்படி லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேனின் குழு செய்திருந்தது. மற்ற அணிகள் அதை எட்டிப்பிடிப்பதற்குள் பட்டம் கைமாறிவிட்டது. கறுப்பு உடம்பில் தங்க நிறக் கோடுகள். 'பிளாக் பியூட்டி' என்றே அதைச் சொல்வார்கள்.

மாடல் கட்டுகிறவனுக்கு இந்தக் காரில் எல்லாமே அந்தத் தங்கக் கோடுதான். நிஜக் காரில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கோடு 1/43இல் கால் மில்லிமீட்டர்கூட வராது. அதைத் தூரிகையால் இழுக்க எந்தக் கையாலும் முடியாது, டெக்கால்தான் (தாளிலிருந்து நனைத்து எடுத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) ஒட்ட வேண்டும், அதனால் இந்தக் கிட்டின் விலையில் பாதி அந்த டெக்கால் தாளுக்கே போகிறது என்று தாராளமாகச் சொல்லலாம். போதாததற்கு இது சிகரெட் கம்பெனி பெயரைச் சுமந்த கார். பல கிட்களில் அந்த எழுத்துகளை விட்டுவிட்டுத்தான் தாள் அச்சடிப்பார்கள், தனியாக வாங்கித்தான் ஒட்ட வேண்டியிருக்கும். இவர் "முழு டெக்கால் உண்டு" என்று போட்டிருந்தார். படத்திலும் அப்படித்தான் இருந்தது. விலை பதினோராயிரத்து ஐநூறு ரூபாய். சின்னப் பட்டறைகள் கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்ட கிட்டுக்கு அது நியாயமான விலை, சந்தேகப்படும் அளவுக்கு மலிவு இல்லை. இதுதான் இவருடைய சாமர்த்தியம்.

பெட்டி வந்தது. மேலே பிளாஸ்டிக் உறை கச்சிதமாக ஒட்டியிருந்தது. (உறையை யாரும் நம்பாதீர்கள், ஒரு ஹீட் கன்னும் ஒரு சுருள் ஃபிலிமும் இருந்தால் எதற்கு வேண்டுமானாலும் 'சீல்' போடலாம்.) உள்ளே ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) வார்த்த பாடி, சின்னச் சின்ன வொயிட் மெட்டல் (எளிதில் உருகும் உலோகக் கலவை) பாகங்கள் ஒரு பையில், ஒரு ஃபோட்டோ எட்ச் தகடு (வேதிப்பொருளால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு), டெக்கால் தாள், எல்லாம் இருந்தது.

பாடியைக் கையில் எடுத்ததுமே நெருடியது. நிஜக் காரின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும், இதில் தண்ணீரில் கிடந்த சோப்பின் மேல் எழுத்து மாதிரி மழுங்கிப்போயிருந்தன. காரின் மூக்குப் பகுதியில் ஊசி குத்தியது போலக் காற்றுக் குமிழிகள். சரி, பழைய ரெசின் கிட்களில் குமிழி சகஜம், புட்டி வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் அளக்கும் வெர்னியரை எடுத்தேன். லோட்டஸ் 79இன் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 2,743 மில்லிமீட்டர். 43ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 63.8. கையில் இருந்தது 62.5. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் நிஜக் காரில் இது இரண்டு அங்குலத்துக்கும் மேல்.

அளவில் கொஞ்சம் தவறும் ஒரிஜினல் கிட்களும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரு கிட்டுக்குள் இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்றாவது பொருந்த வேண்டுமே? ஃபோட்டோ எட்ச் தகட்டில் இருந்த பக்கவாட்டுப் பட்டைகளைப் பாடியோடு வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பின்னால் துருத்திக்கொண்டு நின்றன. பின் இறக்கையோ, தகட்டில் அதற்கென்று விட்ட பள்ளத்தை எட்டவே இல்லை, அரை மில்லிமீட்டர் இடைவெளி. தகடு சரியான அளவு, ரெசின் மட்டும் சுருங்கியிருக்கிறது.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். இங்கே ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, எங்கள் தெருவிலேயே பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மூல மாதிரி, செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பாடியையும் தகட்டையும் சேர்த்துக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பேட்டர்ன்ல இருந்து எடுத்ததில்லீங்க. வார்த்த உருப்படிய வெச்சு அதுக்கு மோல்டு போட்டிருக்கான். அதுவும் ஒரு தடவையோட நிறுத்துன மாதிரி தெரியல" என்றார். வார்த்தது ஆறும்போது எப்படியும் சுருங்கும், அதனால்தான் வார்ப்பிரும்புக்குப் பேட்டர்ன் செய்யும்போதே நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாகச் செய்வோம் என்று விளக்கினார். முடிந்த உருப்படியிலிருந்தே அச்சு எடுத்தால் அந்தக் கூடுதல் அளவு எங்கிருந்து வரும்? நகலின் நகல் எடுத்தால் இன்னும் சுருங்கும். ரெசினிலும் கதை இதேதான். சிலிக்கோன் ரப்பர் அச்சு வேறு சில பத்து உருப்படிகளிலேயே தேய ஆரம்பித்துவிடும், கோடுகள் மழுங்கியதற்குக் காரணமும் அங்கேயே கிடைத்துவிட்டது.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது டெக்காலைப் பார்த்தபோதுதான். நகை ஆசாரிகள் கண்ணில் வைக்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். முறையாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்த தாளில் தங்க நிறம் தனி மையாக, ஒரே பரப்பாக இருக்கும், சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். இதில் மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். சாதாரண கலர் பிரிண்டரில் அடித்த ஸ்கேன். தாளைச் சாய்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கோட்டுக்கும் தனித்தனியாகப் படலம் தெரிய வேண்டும், இதில் தாள் முழுக்க ஒரே படலம். ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்குக் கறுப்பு அடித்துக் காயவைத்து, ஓரத்திலிருந்து ஒரு கோட்டை வெட்டி நனைத்து ஒட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் கடுகு நிறத்தில் இருந்த கோடு கறுப்பின் மேல் போனதும் கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் படலத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அந்த மை ஒளியை ஊடுருவ விடும், அடியில் வெள்ளையோ வேறு மறைப்போ அடிக்காமல் கறுப்பின் மேல் ஒட்டினால் கறுப்புதான் தெரியும். லோட்டஸ் 79க்கு இப்படி ஒரு தாளைக் கொடுப்பவருக்கு, வாங்குகிறவன் அதை என்ன செய்வான் என்ற கவலையே இல்லை.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். "ப்ரோ, ஓல்ட் ஸ்டாக் அப்படித்தான் இருக்கும், ஸ்கில் இருந்தா சரி பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தது. அளவுகளை அனுப்பினேன். "எல்லாரும் வாங்கிட்டுச் சந்தோஷமா இருக்காங்க, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக். அதன் பிறகு விளம்பரத்தில் இருந்த படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தால், வெளிநாட்டில் ஒருவர் எப்போதோ விற்ற கிட்டின் படங்கள் அவை, மேசை விரிப்பு உட்பட அப்படியே. இன்னொரு பெயரில் அதே படங்களை வைத்து அதே லோட்டஸ் இப்போதும் விற்பனைக்கு இருக்கிறது.

நகல் கிட்களில் இன்னொரு விஷயமும் கவலையாக இருக்கிறது. பையில் இருந்த உலோகப் பாகங்கள் ரொம்ப மென்மையாக இருந்தன, காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. ஈயம் அதிகம் கலந்திருந்தால் அப்படித்தான் விழும். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இப்படிப்பட்டதை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ரெசின் தூசுக்கும் இதே கவனம் வேண்டும்.

வாங்கியே தீர வேண்டும் என்றால், பணம் அனுப்பும் முன் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டைப் பாகங்களின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். பாடியின் மேல் வெர்னியர் வைத்த படமும், டெக்கால் தாளைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படமும் வேண்டும். கையில் சரக்கு உள்ளவருக்கு ஐந்து நிமிட வேலை. "சீல் பிரிச்சா வேல்யூ போயிடும்" என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். யூபிஐயில் நேரடியாக அனுப்பாமல், சரக்கு தவறினால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடுள்ள தளம் வழியாகவே வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டு இல்லாமல் வீடியோ எடுத்துவையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கிட்டைத் தேய்க்கவோ பிரைமர் அடிக்கவோ வேண்டாம், அது சாட்சி. கூரியர் உறை, உரையாடல், பணம் போன ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. தொழிலாக விற்பவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. நான் 1930இல் பதிவு செய்துவிட்டேன், ஆணையத்துக்கான மனுவும் தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி பெட்டி வந்தவர்கள் சக்கர மைய அளவையும் டெக்காலின் நெருக்கப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எல்லோருடைய கிட்டும் ஒரே அளவுக்குச் சுருங்கியிருந்தால் ஒரே அச்சில் வந்தவை என்று மனுவிலேயே காட்டிவிடலாம்.