மரத்தடிக்குச் செடி வாங்க காட்பாடி பக்கம் ஒரு நல்ல நர்சரி

பெரிய மரத்தடியில் பாத்தி போட நினைப்பவர்கள், காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் இருக்கும் இந்தச் சின்ன நர்சரிக்குத் தாராளமாகப் போகலாம். செடியைக் காட்டுவதற்கு முன்னால் மரத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள், அதுதான் காரணம். மற்ற இடங்களில் நிழலுக்கு என்ன இருக்கு என்று கேட்டால் குரோட்டனை எடுத்து நீட்டிவிடுவார்கள். அடர்ந்த நிழலில் அதன் நிறமெல்லாம் மங்கி வெறும் பச்சையாகிவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கே கடையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதலில் கேட்டதே, "என்னா மரம்மா? காலை வெயில் உள்ள விழுதா, நாள் பூரா நிழலா?"

எங்கள் வீட்டில் ஒரு பக்கம் மா, இன்னொரு பக்கம் வேம்பு. இரண்டும் பழைய மரங்கள். மா எப்போதும் அடர்த்தியாக நிற்கும், அடியில் வெயிலே வராது. வேம்பு அப்படியில்லை, மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டுத்தான் துளிர்க்கும், அந்தச் சமயத்தில் அடியில் இருக்கும் செடிக்கு நேர் வெயில், அப்புறம் சித்திரையில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் மாமரத்தடிக்கு நிழல் தாங்கும் இலைச்செடிகளான மருளும் சிங்கோனியமும், வேம்படிக்கு வெயிலையும் தாங்கும் கனகாம்பரமும் ஆடாதோடையும் என்று பிரித்துக் கொடுத்தார். புளியமரத்தடிக்குச் செடி கேட்டு வந்த ஒருவரிடம், "தொட்டியிலயே வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விற்றால் போதும் என்று நினைக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

கனகாம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைநிழலில் நன்றாக வரும் பூச்செடி, தலைக்கு வைக்கவும் ஆகும், இதை விட்டுவிட்டு நாம் ஏன் வெளியூர் இலைச்செடிகளைத் தேடி அலைகிறோமோ தெரியவில்லை. அவர் கொடுத்தது டெல்லி கனகாம்பரம் என்ற ரகம். இது விதை வைக்காது, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும், எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டுவது என்று கத்தரியை எடுத்துக் காட்டவே செய்தார்.

பெரிய தொட்டிச் செடியை விட்டு, சின்ன கவர் செடியாக எடுக்கச் சொன்னதும் சரியான யோசனை. மரம் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே பரவிக் கிடக்கும், கடப்பாரை போட்டுப் பெரிய குழி எடுத்தால் அதெல்லாம் அறுந்துபோகும். சின்ன செடிக்குக் கைக்கொத்து அளவுக் குழி போதும், கட்டைவிரல் பருமனில் வேர் தட்டினால் அதை வெட்டாமல் ஒரு சாண் தள்ளி நட்டுக்கொள்ளலாம். அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்கக் கூடாது, பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகும். மழை பெய்தாலும் முதல் சில மாதம் தண்ணீர் விடுங்கள், மழையில் ஒரு பகுதியை மேலே இலையே வாங்கிக்கொள்கிறது, கீழே இறங்குவதை மரத்து வேர் குடித்துவிடுகிறது. உதிர்ந்த இலையைப் பெருக்கிக் கொளுத்தாமல் செடிகளுக்கு நடுவே பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும்.

குறையும் இருக்கிறது. எதிலும் விலைச்சீட்டு கிடையாது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சில கவர்களில் மண் செங்கல்லாக இறுகியிருக்கிறது, நடுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தை மெதுவாக உதிர்த்துவிடுங்கள். கோலியஸ் என்ற வண்ண இலைச்செடி ஒன்றில் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருந்தது, காட்டியதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதை நாம்தான் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவரால் நின்று பேச முடியாது. வார நாளில் காலையில் போங்கள், போகும்போது மரத்தடியைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அதைப் பார்த்தே செடி எடுத்துக் கொடுப்பார்.