சின்ன அடுக்களைக்கு டிஷ்வாஷர்: மேடை மேல் வைப்பதா, 45 செ.மீ. மாடலா?

சின்ன அடுக்களைக்கு டிஷ்வாஷர் தேடுகிறவர்கள் அகலத்தை மட்டும் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். அகலம் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். பிறகு மாட்டிவிடுவது ஆழமும், கதவு திறக்கும் தூரமும், குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமும்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தரையில் எப்படியாவது 45 செ.மீ. அகல இடம் ஒதுக்க முடிந்தால், ஒரு அலமாரியைத் தியாகம் செய்தாவது, ஸ்லிம் மாடலை எடுங்கள். அதற்கு வழியே இல்லாதவர்களுக்குத்தான் மேடை மேல் வைக்கும் 6 செட் (ஒரு செட் என்பது ஒருவர் சாப்பிடும் பாத்திரங்கள்) மாடல். தண்ணீரை ஊற்றி ஓட்டும் குட்டி மாடல், குழாயில் கைவைக்க முடியாத வாடகை வீட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால் மட்டும்.

ஸ்லிம் மாடல் என்பது வழக்கமான 60 செ.மீ. இயந்திரத்தை அகலத்தில் மட்டும் குறுக்கியது. உயரம் 82 முதல் 85 செ.மீ., ஆழம் 60-ஐ ஒட்டி; 9 அல்லது 10 செட் பிடிக்கும். மேல் ட்ரே, கீழ் ட்ரே, தண்ணீரைப் பீச்சியபடி சுழலும் ஸ்ப்ரே ஆர்ம் குறைந்தது இரண்டு, எல்லாம் உண்டு. மேடை மாடல் சுமார் 55 செ.மீ. அகலம், 50 ஆழம், 44 அல்லது 45 உயரம். போஷ் நிறுவனத்தின் எஸ்கேஎஸ் வரிசையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆக, 'சின்னது' என்று பெயர் வாங்கிய மேடை மாடல்தான் அகலத்தில் பெரியது! ஒரே ஒரு ட்ரே. பெரும்பாலான மாடல்களில் கீழே ஒரே ஒரு ஸ்ப்ரே ஆர்ம். இவை தவிர அலமாரிக்குள் பொருத்துகிற, 60 அகலமும் 45 உயரமும் உள்ள 8 செட் மாடல்களும், இழுப்பறை மாதிரி வெளியே வரும் மாடல்களும் இருக்கின்றன. இழுப்பறை வகையை 1997-இல் கொண்டுவந்தது ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம். குனிய முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதற்கும் 60 செ.மீ. அகலம் வேண்டும் என்பதால் இந்தப் பேச்சில் அதற்கு இடம் குறைவு.

செட் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு செட் என்பது சோதனைக்கூடத்துக் கணக்கு: ஒரு பெரிய தட்டு, சூப் தட்டு, சின்னத் தட்டு, கோப்பை, அதன் சாஸர், கிளாஸ், கூடவே கத்தி, முள்கரண்டி, ஸ்பூன்கள். எல்லாம் ட்ரேயின் பல்லுக்குள் ஒழுங்காக நிற்கக்கூடியவை. சமைத்த பாத்திரம் ஒன்று உள்ளே போனால் அது மூன்று நான்கு செட்டின் இடத்தைச் சாப்பிட்டுவிடும். 6 செட் மாடலில் நடைமுறையில் இருவர் ஒரு நாள் சாப்பிட்ட தட்டு, கிளாஸ்களோடு ஒரு நடுத்தரப் பாத்திரம் போகும். அதற்கு மேல் திணித்தால் ஸ்ப்ரே ஆர்ம் ஏதாவது ஒன்றில் தட்டி நின்றுவிடும். நின்றால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் அழுக்காகவும் வரும். 'இயந்திரம் சரியாகக் கழுவவில்லை' என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். கதவை மூடுவதற்கு முன் ஆர்மைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு வினாடி வேலை.

தட்டின் விட்டத்தையும் அளக்க வேண்டும். மேடை மாடலில் நிற்க வைக்கக்கூடிய தட்டு 26, 27 செ.மீ. வரைதான். 28 செ.மீ. தட்டு வைத்திருப்பவர்கள் அதைச் சாய்த்து வைத்துச் சமாளிப்பார்கள். அதன் பின்னால் இருப்பது கழுவப்படாது. கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள பெரிய தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் ட்ரேயில் நிறுத்திப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி இடம். மேடை மாடலின் கதவு முன்பக்கம் விழுந்து திறக்கும். மூடியிருக்கும்போது 50 செ.மீ. ஆழம் என்றால் திறந்தால் சுமார் 85. பின்னால் ஹோஸ் மடங்காமல் போக இன்னொரு 5 செ.மீ. வேண்டும். 60 செ.மீ. மேடையில் கால்கள் நான்கும் உட்கார்ந்துவிடும், ஆனால் முன்னால் ஒரு தட்டு வைக்கக்கூட இடம் மிஞ்சாது. மேலே தொங்கும் அலமாரிக்கும் மேடைக்கும் நடுவே 45 செ.மீ.தான் இடைவெளி என்றால் கதை முடிந்தது. நுழைந்தாலும், கழுவி முடித்துக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆவி நேராக அலமாரியின் அடிப்பலகையில் அடித்து, சில மாதங்களில் அது உப்பிவிடும். எடையையும் மறக்க வேண்டாம்: வெறும் இயந்திரமே 20 கிலோவுக்கு மேல், தண்ணீரும் பாத்திரமும் சேர்ந்தால் 30-ஐ நெருங்கும். சுவரில் அடித்த பலகை தாங்காது. ஸ்லிம் மாடலுக்குக் கதவு திறந்த நிலையில் 115 முதல் 120 செ.மீ. வேண்டும். எதிர் அலமாரியோ ஃபிரிட்ஜோ அதற்குள் வந்தால் ட்ரேயை வெளியே இழுக்க முடியாது.

தண்ணீர் இணைப்பில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான மாடல்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 0.04 எம்பிஏ (மெகாபாஸ்கல்), அதாவது 0.4 பார். குழாயிலிருந்து மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் இந்த அழுத்தம் வரும். தொட்டி நேர் மேலே மொட்டைமாடியில் இருக்கும் கடைசித் தளத்து வீடுகளில் இது கிடைக்காமல் போகும். சிங்க்கில் தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறதே என்று தோன்றலாம். ஆனால் இயந்திரத்தின் வால்வு சாதாரணக் குழாய் மாதிரி இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, தண்ணீரின் அழுத்தத்தாலேயே தூக்கப்பட்டுத் திறக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் அரைகுறையாகத் திறக்கும்; குறித்த நேரத்துக்குள் நிரம்பவில்லை என்று இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும். புதிதாக இருக்கும்போது சரியாக ஓடி, சில மாதம் கழித்து இதே பிழை வந்தால் முதலில் குழாயை மூடி, நுழைவு ஹோஸைக் கழற்றி, வாயிலுள்ள வலையைப் பாருங்கள். மணலும் துருவும் அடைத்திருக்கும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டிய வேலை இல்லை அது. அழுத்தமே குறைவென்றால் ஒரு சின்ன பிரஷர் பம்ப்தான் தீர்வு. அதன் செலவையும் சேர்த்துத்தான் இயந்திரத்தின் விலையை எடை போட வேண்டும்.

நுழைவு ஹோஸின் மரை பெரும்பாலும் முக்கால் அங்குலம். குழாய் அரை அங்குலம் என்றால் அடாப்டர் வேண்டும். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று போதும்.

கழிவுநீர் ஹோஸை சிங்க்குக்குள் தொங்கவிட்டால் பம்ப் ஓடத் தொடங்கும் நொடியில் அது பாம்பாக எழுந்து வெளியே துள்ளும். கொக்கி போட்டுக் கட்டுங்கள். அதன் வாய் சிங்க்கில் தேங்கிய தண்ணீருக்குள் முங்கக்கூடாது. முங்கினால் அழுக்குத் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படலாம். சிங்க்கின் அடியிலுள்ள குழாயில் சேர்ப்பதானால், ஹோஸை முதலில் மேடையின் அடிப்பக்கம் வரை உயர்த்திக் கட்டிவிட்டுப் பிறகு கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் சிங்க் நிரம்பும்போது அந்தத் தண்ணீர் இயந்திரத்துக்குள் வரும். புதிய சிங்க் குழாய்களில் டிஷ்வாஷருக்கென்று விட்ட கிளை வாயை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அதை எடுக்காமலே ஹோஸை மாட்டிவிட்டு 'முதல் நாளே தண்ணீர் வெளியேறவில்லை' என்று சொல்வது அடிக்கடி நடப்பது.

உங்கள் தண்ணீர் கடினநீர் என்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். நல்ல டிஷ்வாஷருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் என்ற சிறு மணிகள் இருக்கும். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் களைத்ததும் அதை உப்புத் தண்ணீரால் கழுவி மீண்டும் தயாராக்கத்தான் அடியில் உப்புத் தொட்டி. குட்டி மாடல்களிலும் மலிவான மேடை மாடல்களிலும் இந்த அமைப்பையே எடுத்துவிடுகிறார்கள். கடைக்காரர் சொல்வதை விடுங்கள்; கதவைத் திறந்து அடியில் திருகு மூடி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால், கடினநீர் வீட்டுக்கு அந்த மாடல் வேண்டாம். எல்லாம் அடங்கியது என்று விற்கும் டிடர்ஜென்ட் டேப்லெட்டும் ஓரளவு கடினம் வரைதான் சமாளிக்கும்.

இந்தத் தொட்டிக்கான உப்பு பெரிய பரல்களாக, வேறெதுவும் கலக்காததாக இருக்க வேண்டும். சமையல் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருட்கள் ரெசினை அடைத்துவிடும். முதல் முறை மட்டும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு உப்பைப் போடுங்கள். தண்ணீர் வழிவது இயல்பு. வழிந்த உப்பு ஸ்டீலை அரிக்கும் என்பதால் போட்ட உடனே ஒரு கழுவல் ஓட்டிவிட வேண்டும். அப்புறம் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் கடினத்தன்மை அளவை மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் வைத்த நடுத்தர அளவிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அளவு ஜெர்மன் டிகிரியில் இருந்தால், 1 டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 17.8 மி.கி. கால்சியம் கார்பனேட். டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அது கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது. கடினத்தன்மைக்கென்று தனி சோதனைத் தாள் கிடைக்கிறது.

கிளாஸ்களில் வெண்படலம் வந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்புப் படிவு. உப்பு தீர்ந்திருக்கும், அல்லது அளவு குறைவாக வைத்திருப்பீர்கள். போகவில்லையென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. மிக மென்மையான தண்ணீர், அதிக டிடர்ஜென்ட், அதிகச் சூடு மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். திரும்பாது.

டிடர்ஜென்ட்டில் சின்ன இயந்திரத்துக்குப் பவுடர்தான் பொருத்தம். டேப்லெட் ஒன்று 18, 20 கிராம். பெரிய இயந்திரத்தை நினைத்துச் செய்தது. 6 செட்டுக்கு 10 முதல் 15 கிராம் பவுடர் போதும். அரை மணி நேர விரைவுக் கழுவலில் டேப்லெட் பல நேரம் கரைந்தே முடிவதில்லை. கையால் தேய்க்கும் லிக்விடை ஒரு சொட்டும் விடாதீர்கள். நுரை பம்பில் காற்றை நிரப்பும், கதவு வழியாகக் கசியும், அடித்தட்டில் இறங்கும். அங்கே உள்ள மிதவை எழுந்தால் இயந்திரம் கசிவு என்று எண்ணிப் பூட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் ப்ளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிடுங்கள்; அடித்தட்டு காயும் வரை ஓட்ட முடியாது.

பாத்திரத்தைக் குழாயில் கழுவிவிட்டு உள்ளே வைப்பதும் வீண். டிடர்ஜென்ட்டில் ஸ்டார்ச்சையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் இருக்கின்றன. மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். ஈகோ (சிக்கன) கழுவல் 3 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம்: சூடேற்றத்தான் மின்சாரம் அதிகம் போகிறது, ஈகோ அதைக் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டுகிறது. காய்ந்து ஒட்டியதற்கு மட்டும் 65 முதல் 70 டிகிரி கழுவல்.

சின்ன இயந்திரம் பாதித் தண்ணீரில் ஓடும் என்பது தப்புக் கணக்கு. ஈகோவில் மேடை மாடல் சுமார் 6.5 முதல் 8 லிட்டர் எடுக்கும். ஸ்லிம் மாடல் 9, 10 லிட்டரில் அதைவிடக் குறைந்தது பாதியாவது கூடுதலாகப் பாத்திரம் கழுவிவிடும். ஸ்லிம் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டியுள்ள குட்டி மாடல் சுமார் 5 லிட்டர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும், வாளியை நீங்கள்தான் காலி செய்ய வேண்டும். அந்த ஆர்வம் எத்தனை வாரம் தாங்கும் என்று யோசித்து வாங்குங்கள்.

அலுமினியம் கறுத்துப்போகும், வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், மரம் வெடிக்கும், நான்-ஸ்டிக் பூச்சு சீக்கிரம் தேயும். உங்கள் பாத்திரங்களில் பெரும்பங்கு இவை என்றால் எந்த மாடலும் லாபமில்லை. உலர்த்துவதில் எல்லாச் சின்ன மாடல்களும் சுமார்தான். பாத்திரத்தின் சூட்டிலேயே ஈரம் ஆவியாகி இயந்திரத்தின் உட்சுவரில் படிவதுதான் முறை. சூட்டைப் பிடித்துவைக்காத பிளாஸ்டிக் ஈரமாகவே வரும். ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) விட்டால் தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்துவிடும். கழுவல் முடிந்து கால் மணி நேரத்தில் கதவைச் சற்றே திறந்துவைக்க வேண்டும். தானே திறக்கும் கதவு உள்ள மாடல் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வைஃபைக்குக் கொடுக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு எர்த் உள்ள தனி பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் குழாயில் அலசுங்கள். திரும்பப் போடும்போது பூட்டும் வரை திருக வேண்டும், இல்லையேல் துணுக்குகள் பம்புக்குப் போகும். ஆர்மின் துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை, பாத்திரமும் டிடர்ஜென்ட்டும் இல்லாமல், இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடான கழுவல் ஒன்று. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் குழாயை மூடிவிட்டு, ஃபில்டரைக் கழுவி, கதவை ஒரு விரல் அளவு திறந்தே விடுங்கள். மூடிவைத்தால் ரப்பர் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும்.