பட்டிங் கிரீன்: ஒரே சாய்வா, மேடுபள்ளமா?

தரைவீட்டுத் தோட்டத்திலோ கோல்ஃப் கிளப்பின் பயிற்சி மூலையிலோ பட்டிங் கிரீன் (கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் குட்டைப் புல்தரை) போடுபவர்கள் தடுமாறுவது இதில்தான்: தரை முழுவதும் ஒரே பக்கம் சாய்வதா, மேடுபள்ளமாக இருப்பதா?

தண்ணீர்: சிங்கப்பூரில் முதலில் பார்க்க வேண்டியது இது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரே சாய்வு என்றால் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கமே போதும், மேல்நீர் ஓடிவிடும். மேடுபள்ளத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வடிகால் வழி வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சாயங்கால மழைக்குப் பிறகு அங்கே நீர் தேங்கும், புல் மஞ்சளாகும், பாசி பிடிக்கும்.

குழி: குழியைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது சாய்வு 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் தவறிய பந்து நிற்காமல் உருண்டுகொண்டே போகும். ஒரே சாய்வில் ஏறக்குறைய எங்கும் குழி வெட்டலாம். மேடுபள்ளத்தில் சில இடங்கள்தான் தேறும். அங்கேயே காலடி பட்டுப் பட்டுப் புல் தேயும்.

புல் வெட்டுதல்: முகடுகளில் பிளேடு புல்லைச் சுரண்டிவிடும். ஒரே சாய்வில் அந்தத் தொல்லை இல்லை.

பயிற்சி: ஒரே சாய்வைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். குழியைச் சுற்றி வந்து அடித்தால் ஏற்றம், இறக்கம், இடது வளைவு, வலது வளைவு எல்லாமே கிடைக்கும். ஒரே அடியில் இரண்டு பக்கம் வளையும் பந்துக்குத்தான் மேடுபள்ளம் வேண்டும். அந்த வளைவைத் தரையில் படிக்கக் கற்பது தனி சுகம்.

வீட்டுக்கு ஒரே சாய்வுதான் சரி. இடமும் தினமும் பராமரிக்க ஆளும் உள்ள கிளப் என்றால் மேடுபள்ளம் போடலாம்.