ஏ.பி. உலக வரலாறு: இணையவழித் தனிப்பயிற்சி பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) உலக வரலாற்றுத் தேர்வுக்காக இந்தத் தனிப்பயிற்சியை ஏற்பாடு செய்தோம். 1200ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை நீளும் பாடத்தை மனப்பாடம் செய்தே கடந்துவிடலாம் என்ற எண்ணத்தை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கலைத்துவிட்டார். 7 ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு மட்டும் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு என்பதால், பெரும்பாலான நேரத்தை அதற்கே ஒதுக்கினார்.

"வெள்ளி வணிகம் உலகை மாற்றியது" என்று அவள் எழுதிய மைய வாதத்தை அடித்துவிட்டு, யாருடைய உலகை, எவ்வாறு என்று ஓரத்தில் கேட்டிருந்தார். சீனாவின் மிங் அரசு வரியை வெள்ளியாக வசூலித்ததையும், தென் அமெரிக்காவின் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் பழங்குடியினர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டதையும், 1571இல் ஸ்பானியர் கைப்பற்றிய மணிலா வழியே அமெரிக்கக் கண்டத்து வெள்ளி சீனாவை அடைந்ததையும் இணைத்து அவளே திருத்தி எழுதும்வரை விடவில்லை. ஓர் ஆவணத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று வினவும் பழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது.

பலவுள் தெரிவு வினாக்களுக்கு இந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. அவற்றை மாணவர் தாமே பயிற்சி செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. திருத்திய கட்டுரைகள் திரும்பி வரத் தாமதமாவதுதான் உண்மையான குறை, அதுவும் மே மாதத் தேர்வு நெருங்கும் வேளையில். கட்டணமும் குறைவில்லை. எழுதத் திணறும் பிள்ளைக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்; ஆண்டுகளை ஒப்பிக்கவைக்க மட்டும் ஆள் தேடுவோருக்கு இது தேவையில்லை.